எஸ்கேப் அடித்த பிறகு...



ஆட்டோகேட் கற்ற நம்மில் பலர் லைன், சர்க்கிள், டிரிம் என்று கட்டளைகளோடு நின்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், ஐந்தாம் செமஸ்டர் விடுமுறையில் கோவைப் பக்கம் ஒரு சிறு தொழிற்சாலைக்கு இன்பிளாண்ட் டிரெயினிங் போகும்வரை.

அங்கே டிராயிங் ஆபீசில் எனக்குக் கிடைத்தது பம்ப் கவர் பிளேட். பி.சி.டி. வட்டத்தில் எட்டு எம்-6 துளைகள், ஒவ்வொன்றுக்கும் மையக்குறி, ஓரத்தில் எக்ஸ், ஒய் அளவுப் பட்டியல். துளைகளை அரே போட்டு முடித்துவிடலாம். பட்டியலுக்குத்தான் கால்குலேட்டரில் சைன், காஸ் தட்டவேண்டும். நாலாவது நாளே சலித்துவிட்டது. சீனியர் டிராப்ட்ஸ்மேன் அண்ணன்தான், "தம்பி, லிஸ்ப் எழுதுனா அதுவே போட்டுரும், படிச்சுப் பாரு" என்றார்.

ஆட்டோலிஸ்ப் 1986-லேயே ஆட்டோகேடுக்குள் வந்துவிட்டது. அதன் மூலமான லிஸ்ப் மொழி 1958-ல் ஜான் மெக்கார்த்தி தொடங்கியது. நோட்பேடில் எழுதி ஆப்லோட் கொடுத்தால் போதும். அடைப்புக்குறிகளை எண்ணுவதுதான் பெரும்பாடு! முதல் நாள் கோணத்தை டிகிரியில் கொடுத்துத் துளைகள் கண்டபடி சிதறின. அதற்கு ரேடியன்தான் புரியும். ஒருவழியாகப் பிளேட்டும் பட்டியலும் தானாக வந்து விழுந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பிரிண்ட் எடுத்த அண்ணன் கூப்பிட்டார். "துளை ஏன்டா குறிய விட்டு ஓடுது?" ஒரு துளை மேலே, ஒன்று பக்கத்தில்! அதே புரோகிராம், கிட்ட ஜூம் பண்ணி ஓட்டினால் சரியாக வருகிறது; முழு ஷீட்டையும் காட்டி ஓட்டினால் தப்பாக வருகிறது. அரைநாள் மண்டையை உடைத்தபிறகு புரிந்தது. ஓஸ்னாப் ஆனில் இருந்தால், புரோகிராம் கட்டளைக்குக் கொடுக்கும் புள்ளியையும் அது இழுத்துவிடும். எண்ட்பாயிண்ட் மட்டும் ஆனில் இருந்ததால் வட்டத்தின் மையம் மையக்குறிக் கோட்டின் நுனிக்குப் போய்விட்டது. இழுக்கும் தூரம் பிக்சல் கணக்கு. எனவே ஷீட் சின்னதாகத் தெரியத் தெரிய, அது பல மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது.

ஆரம்பத்தில் ஆஸ்மோடை 0 ஆக்கி, முடிவில் பழைய மதிப்பைத் திருப்பிக் கொடு என்று இரண்டு வரி சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

தீரவில்லை. நடுவில் எஸ்கேப் அடித்தால் கடைசி வரி ஓடவே ஓடாது! ஆஸ்மோட் 0-விலேயே நின்றுவிடும். அடுத்த முறை ஓட்டினால் அந்த 0-வையே 'பழைய மதிப்பு' என்று சேமித்து, அதையே திருப்பிக் கொடுக்கும். வேறு டிராயிங் திறந்தாலும் மாறாது, ஏனென்றால் அது டிராயிங்கில் இல்லை, கம்ப்யூட்டரில் சேமிக்கப்படுகிறது. அதே கம்ப்யூட்டரில் என்னுடன் வந்த நண்பன் கேஸ் கட்டிங்குக்கு ஒரு பிளேட் வரைந்தான். பச்சைக் குறி வராததை அவன் கவனிக்கவில்லை. மூலைகளில் கோடுகள் சேராமல், அவுட்லைன் மூடவில்லை என்று டிராயிங் திரும்பி வந்தது. எல்லார் முன்னாலும் அவன் திட்டு வாங்கினான். காரணம் தெரிந்தும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இன்சார்ஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. நண்பன்தான் இரண்டு நாள் பேசவில்லை.

அதன்பிறகு ஒழுங்காகப் படித்தேன். புரோகிராம் பாதியில் நின்றால் கூப்பிடப்படும் எர்ரர் ஃபங்ஷன் ஒன்று உண்டு. பழைய மதிப்பைத் திருப்பும் வரியை அதிலும் போட்டேன். வட்டத்துக்குக் கட்டளையே வேண்டாம் என்று என்ட்மேக் முறைக்கும் மாறினேன். 10 என்றால் மையம், 40 என்றால் ஆரம் என்று நேராக டிராயிங்கின் டேட்டாபேசிலேயே எழுதிவிடலாம், ஓஸ்னாப் தொடமுடியாது.

சி++-ல் எழுதிக் கம்பைல் செய்யும் ஏ.ஆர்.எக்ஸ். ப்ளகின் ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். வேகம் அதில்தான், ஆனால் தப்பு நேர்ந்தால் ஆட்டோகேடையே சேர்த்துக் கவிழ்க்கும். தவிர, அந்த ஆபீசில் யாரோ எழுதிக்கொடுத்த ஒன்று, புது வெர்ஷன் வந்ததும் லோட் ஆகாமல் கிடந்தது. திரும்பக் கம்பைல் செய்ய மூல ஃபைல் யாரிடமும் இல்லை! என் ஃபைலை யாரும் நோட்பேடில் திறந்து திருத்தலாம்.

திருத்திய புரோகிராமை முதலில் நண்பனிடம்தான் கொடுத்தேன். ஓட்டும்போது நடுவில் வேண்டுமென்றே மூன்று முறை எஸ்கேப் அடித்தான். ஒவ்வொரு முறையும் ஆஸ்மோட் என்று டைப் அடித்து எண்ணைப் பார்த்தான். பிறகுதான், "சரிடா, வா டீக்கு" என்றான்.