முதல் குண்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 1974 முதல் நடக்கும் இந்தப் பருவம் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கப்பட்டது. குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறியால் சுட வேண்டும். தேர்ந்த கைக்கே மறுபடி கெட்டிக்க அரை நிமிடம் ஆகும். அதுவரை மான் நிற்காது. முதல் குண்டு சரியாகப் படாவிட்டால், காயத்தோடு ஓடும் ஓர் உயிர் பனிக்காட்டில் எங்கோ கிடந்து சாகும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே குற்றமாகிவிட்ட இந்தியாவில் வளர்ந்தவன் நான். இங்கே நிலைமை வேறு. ஓநாய்களும் மலைச்சிங்கங்களும் அழிந்துபோன இந்தக் காடுகளில் வெள்வால் மான்கள் பெருகி, முளைத்து வரும் கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகின்றன. வேட்டை நடக்கத்தான் போகிறது. அது எவ்வளவு பொறுப்போடு நடக்கிறது என்பதைத்தான் பெர்க்ஸ் கவுன்டியின் வடக்கு ஓரத்தில், புளூ மலையடிவாரத்தில் உள்ள ஒரு பட்டறையில் தெரிந்துகொள்ள விரும்பினேன். எழுபதைக் கடந்த ஒரு பெரியவரும் அவர் மகளும் அங்கே துப்பாக்கி செய்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இந்த வட்டாரத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் உறவு பழையது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் குட்டையான, பருத்த குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கிகளோடு வந்தார்கள். லங்காஸ்டர், ரெடிங் பட்டறைகளில் குழல் நீண்டது, துளை சிறுத்தது. காட்டுக்குள் மாதக்கணக்கில் திரிகிறவனுக்கு ஈயமும் மருந்தும் மிச்சமாயின. பின்னால் தொழிற்சாலைத் துப்பாக்கிகள் வந்தபோது இந்தக் கைவேலை ஏறக்குறைய மறைந்தே போனது. வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் பழைய முறையிலேயே ஒரு முழுத் துப்பாக்கியைச் செய்து காட்டினார். 1969இல் அதைப் பற்றி வெளிவந்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு அரமும் உளியும் எடுத்தவர்கள் பலர். பெரியவரும் அவர்களில் ஒருவர்.

பட்டறையில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது, குழலின் உட்புறத்தில், குண்டைச் சுழலவைக்கும் திருகுக்காடி வெட்டும் மரச்சாதனம். மேலே சுருளாகக் காடி செதுக்கிய நீண்ட மர உருளை ஒன்று, அசையாத ஒரு வளையத்துக்குள் போய் வருகிறது. இழுத்தால் தானாகத் திரும்புகிறது. அதன் முனையில் பொருத்திய கோலில் ஒரே ஒரு சிறிய வெட்டுப்பல். எண்ணெய் தடவிய குழலுக்குள் பல் ஒருமுறை போய் வந்தால் தூசு அளவுக்குத்தான் இரும்பு உதிர்கிறது. ஏழு காடிகளையும் ஒரு சுற்று வெட்டிய பின், பல்லின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகுகிறார். பல் அந்தக் காகிதத்தின் கனம் மட்டும் உயர்கிறது. மறுபடி ஏழு காடி, மறுபடி ஒரு காகிதம். பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு ஆயத்தக் குழல்களை வாங்கிப் பொருத்தும் அவர், சிலவற்றுக்கு மட்டும் இப்படித் தன் கையால் வெட்டுகிறார்.

“உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சியே போதும்” என்றார். 48 அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்பது பழைய வழக்கம். 66, 70 அங்குலத்துக்கு ஒன்று என வெட்டுகிறவர்களும் உண்டு. சுழற்சியைக் கூட்டி மருந்தையும் கூட்டினால், குண்டு காடியைப் பற்றாமல் வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடும்.

குழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குறியைத் தீர்மானிப்பது துணிதான் என்று எனக்குப் புரியவைத்தவர் மகள். 50 காலிபர், அதாவது அரை அங்குலத் துளை கொண்ட குழலில் 0.490 அங்குலக் குண்டு இறங்குகிறது. குண்டுக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியையும் காடிகளின் பள்ளத்தையும் அடைப்பது, கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவிய பருத்தித் துணி வட்டம். அதன் தடிமன் 0.015 அங்குலம். சுட்டதும் குண்டு போகும். துணி சில கஜ தூரத்தில் விழும். அவர் இலக்கை நோக்கிப் போகவில்லை. குனிந்து துணிகளைப் பொறுக்கிவந்து பலகையில் வரிசையாக விரித்தார்.

ஒன்றில் குண்டின் விளிம்பு பட்ட இடத்தில் வரி வரியாக வெட்டு. “குழல்வாயில் காடிகளின் ஓரம் கூராக இருக்கிறது, இறக்கும்போதே துணியை அறுத்துவிட்டது.” இன்னொன்றின் நடுவில் கருகிய ஓட்டை. துணி மெல்லியது, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை. மூன்றாவதில் நடு வட்டம் சாம்பல் நிறம், சுற்றிலும் கரிய வளையம், அதில் ஏழு காடிகளின் தடம், நூல் ஒன்றும் அறுபடவில்லை. “இதுதான் வேண்டும்” என்றார். முதல் துணிக்குக் காரணமான புதுத் துப்பாக்கியின் வாயில் உப்புத்தாளை வைத்து, பெருவிரலால் அழுத்திச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். கூர்மை மழுங்கியது. அடுத்துச் சுட்ட துணி முழுசாக வந்தது. இலக்கில் குண்டுத்துளைகளும் நெருங்கின. எத்தனையோ ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய துப்பாக்கியைக் குறை சொல்லுமுன் இந்தத் துணியைப் பார்த்திருந்தால் போதும்.

மருந்து அளப்பது மான்கொம்பைக் குடைந்து செய்த சிறு அளவையால். 50 கிரெய்னில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, துளைகள் எங்கே கூடுகின்றன என்று பார்க்கிறார்கள். கூடும் அளவைத் தாண்டி ஏற்றினால் மறுபடி சிதறுகிறது. அதிக மருந்து அதிகக் குறி தராது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு ஈரத்துணியால் குழலைத் துடைக்கிறார்கள். கோலில் ஒரு கீறல். கெட்டித்ததும் அது குழல்வாயோடு சேர்ந்து நின்றால்தான் குண்டு மருந்தின்மேல் அமர்ந்திருக்கிறது என்று பொருள். இடைவெளி விட்டால் குறி தவறுவது சிறிய கேடு, குழலே வெடிக்கலாம்.

பற்றவைக்கும் துளை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பக்கக் கிண்ணத்தில் அந்தத் துளையை மூடும் அளவுக்கு மருந்தைக் குவித்தால் அது திரிபோல மெல்ல எரிந்து உள்ளே போகும். குறைவாக வைத்தால் சுடர் பாய்ந்து நுழையும். அந்தக் கணநேரத் தாமதத்தில் சுடுபவரின் தோள் அசைந்துவிடுகிறது. கல் விழுந்த பின்னும் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமல் இருப்பதுதான் பழக வேண்டிய முக்கியப் பாடம் என்றார் மகள்.

முன்குறித் தகட்டை வேண்டுமென்றே உயரமாக விடுகிறார்கள். அப்போது குண்டு தாழப் போகும். அரத்தால் ஓரிரு இழுப்பு இழுத்துச் சுட்டுப் பார்த்து, மறுபடி இழுத்து, குண்டை மேலே கொண்டுவருகிறார்கள். அரம் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இந்த வேலையில் அவசரமே இல்லை.

பெரியவர் இதில் வைத்திருக்கும் விதி எனக்கு மிகவும் பிடித்தது. சுத்தமான, குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டும், கரி படிந்த குழலிலிருந்து போகும் அடுத்த குண்டுகளும் பல சமயம் ஒரே இடத்தில் விழுவதில்லை. போட்டிக்காரருக்கு நெருங்கிய கூட்டம் வேண்டும், வேட்டைக்காரருக்கு முதல் குண்டு வேண்டும். அதனால் அவர் ஒவ்வொரு காலையிலும் ஒரே ஒரு குண்டு சுட்டு, அந்தத் துளைக்கு மட்டும் தேதி போட்டு வைக்கிறார். பல நாள் காலைத் துளைகளும் எட்டு அங்குல வட்டத்துக்குள், அதாவது மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் அளவுக்குள், விழும் தூரம்தான் அவருடைய எல்லை. அவருக்கு அது 60 கஜம். 61ஆவது கஜத்தில் மான் நின்றால் துப்பாக்கியைத் தூக்குவதில்லை.

நார்வேயில் பெரிய விலங்குகளை வேட்டையாட ஒவ்வொரு ஆண்டும் சுட்டுக் காட்டித் தேர வேண்டும். பென்சில்வேனியாவில் பாடம் படித்துத் தேர்வு எழுதினால் உரிமம் கிடைத்துவிடுகிறது, குறி பார்த்துச் சுடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஒற்றைக் குண்டை நம்பி ஓர் உயிரின்மேல் கைவைக்கும் இந்தப் பருவத்துக்காவது மாநில வேட்டை ஆணையம் அந்தச் சோதனையைக் கொண்டுவர வேண்டும்.