முதலில் தண்ணீர் மட்டம்

கண்டியில் பொயிலர் வேலை பழகிக்கொண்டிருக்கிறேன். ஹோட்டல்களின் சலவைக்கும் ஆஸ்பத்திரிகளில் கருவிகளில் உள்ள கிருமிகளை நீக்கவும் பொயிலர் தரும் நீராவி வேண்டும். கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம்; அங்குள்ள பழைய எஞ்சின்களைப் பார்த்தால், அவற்றை ஓட்டிப் பராமரித்த கைகள்மீது பெரும் மரியாதை வருகிறது.

எங்கள் பாஸ் ஸ்பேனரைத் தருமுன், "தம்பி, கிளாசைப் பாரு" என்றார். பொயிலரின் பக்கத்தில் நிற்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்தான் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று காட்டும். சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். அதனால், மட்டம் இறங்கி, தீ படும் இரும்பு வறண்டு சிவந்திருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை விட்டால் பொயிலரே வெடிக்கலாம்.

தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு குழாய்களில் படிந்தால் சூடு தண்ணீருக்குச் சரியாகப் போகாது. எரிபொருள் வீண், இரும்பும் கெடும். அடியில் தங்கும் சேற்றை வால்வைத் திறந்து வெளியேற்றுவதை பாஸ் ஒருநாளும் தள்ளிப்போடுவதில்லை. பழுதுபார்ப்பதைவிட இதுவே பெரிய வித்தை என்பேன்.

பொயிலர் அறையில் நிற்கும் தம்பிமாரே, கிளாசில் தண்ணீர் தெரியாவிட்டால் முதலில் தீயை நிறுத்துங்கள், தண்ணீரைத் திறக்காதீர்கள். யார் சொன்னாலும், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வை இறுக்கிக் கட்டாதீர்கள்.