பள்ளி ஸ்டோர் ரூமில் எதை முதலில் வாங்கி வைப்பது?



நோன்புக்கு முன் பள்ளிவாசல் ஸ்டோர் ரூமை ஒழுங்குபடுத்தும் வேலையை இந்த முறை எங்கள் நாலு பேரிடம் தந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு. வெளியே எடுத்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய ஹோர்ன் ஸ்பீக்கர் ஆறு, ஒரு பெட்டி நிறைய அலங்கார பல்ப், சரவிளக்குக் கண்ணாடிகள், எந்த ஃபேனுக்கும் பொருந்தாத ரெகுலேட்டர்கள். ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டருக்கு ஒரு கபசிட்டர் மட்டும் இல்லை.

மோட்டர் 'ம்ம்' என்று உறுமும், ஆனால் சுழலாது என்றால் பெரும்பாலும் கோளாறு அந்தச் சின்ன உருளையில்தான். உடனே சுவிட்சை அணைக்காவிட்டால் கொயில் கருகிவிடும். பிறகு கழற்றி டவுனுக்குக் கொண்டுபோய், கொயில் சுற்றி, திரும்பப் பூட்ட இரண்டு மூன்று நாள். அதுவரை இஷாவுக்கும் தராவீஹுக்கும் வருகிறவர்கள் வுழூவுக்கு என்ன செய்வது? (உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டருக்கும் இதேதான். உறுமினால் அணைத்துவிடுங்கள்.)

சாமான்களைத் தரம் பிரிக்க ஒரு பழைய முறை உண்டு. 1951 இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்ட் டிக்கி என்பவர் எழுதியது. வருடத்தில் அதிகப் பணத்தை விழுங்கும் சாமான் ஏ, நடுத்தரம் பி, மற்றதெல்லாம் சி. கணக்குப் பார்க்க நல்ல வழி. ஆனால் அப்படிப் பிரித்தால் எங்கள் சரவிளக்குக் கண்ணாடி ஏயிலும் கபசிட்டர் சியிலும் போய் உட்காரும். ஆஸ்பத்திரி மருந்துக் களஞ்சியங்களில் இன்னொரு பிரிப்பும் வைப்பார்கள்: இல்லாவிட்டால் உயிர் போகும் மருந்து, இல்லாவிட்டால் கஷ்டப்படும் மருந்து, இருந்தால் நல்லது என்ற மருந்து. எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேட்டோம். இது பழுதானால் எது நின்றுபோகும்? புதியது கைக்கு வர எவ்வளவு நேரம்? பல்ப் எரியாவிட்டால் பக்கத்து பல்ப் எரியும், சந்திக் கடையில் இரவு பத்து மணிக்கும் வாங்கலாம். பல்புக்கு அந்தக் கடையே எங்கள் ஸ்டோர் ரூம். கபசிட்டருக்கோ டவுன் கடை திறக்க வேண்டும், அதே அளவும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே இருக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனது, சில நாளில் நோன்பு தொடங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நேற்று வரை கடையில் இருந்த சாமான் அன்று இல்லை. இருந்தாலும் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.

நிர்வாக சபையில் ஒரு பெரியவர் கேட்டார்: "வக்பு காசை அலுமாரியில பூட்டி வைக்கிறதா தம்பி?" நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாவற்றையும் வாங்கக் கேட்கவில்லை. இரண்டாவது மோட்டர் வேண்டுமென்று எங்களில் ஒருவர் கடைசி வரை வாதாடினார். விலையைப் பார்த்து விட்டுவிட்டோம். கேட்டது கபசிட்டர் இரண்டு, மோட்டருக்கு மெக்கானிக்கல் சீல் ஒன்று, பெயாரிங் ஒரு சோடி, ஃபுட் வால்வு ஒன்று, அம்ப்ளிஃபயருக்கு ஃபியூஸ் கொஞ்சம், ஜெனரேட்டருக்கு ஒயில் ஃபில்டர். எல்லாம் சேர்த்தாலும் ஒரு சரவிளக்குக் காசு வராது. ஜெனரேட்டர் பெட்டரியை வாங்கி வைக்க வேண்டாம் என்றோம். சும்மா கிடந்தால் தானாகவே இறங்கிச் செத்துப்போகும். ரப்பர் சாமானும் காலம் போனால் இறுகும், வெடிக்கும். ஆகவே வாங்கிய திகதியை ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கபசிட்டர் வாங்குகிறவர் பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மைக்ரோஃபரட் எண் அதேயாக இருக்க வேண்டும், வோல்ட் குறையக் கூடாது. கழற்றியதிலும் கரண்ட் தங்கியிருக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அலுமாரித் திறப்பு முஅத்தினிடம் இருக்கிறது. கதவில் ஒரு கொப்பி தொங்குகிறது. எடுக்கிறவர் எழுதவும், கடைசிச் சாமானை எடுத்தால் அன்றைக்கே எங்களுக்குக் கோல் பண்ணவும். ஹோர்ன் ஸ்பீக்கர்கள் விற்பனைக்கு, அவற்றில் இரண்டு வேலை செய்கின்றன. வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து பார்க்கலாம். அந்தக் காசில்தான் மெக்கானிக்கல் சீல் வாங்க வேண்டும்.