அட்டைகள் என் பையில் இருந்தன

கண்டியில் ஒரு சிறுவனை, அவன் என்னிடம் மட்டுமே எதையும் கேட்கும்படி பழக்கிவிட்டு வந்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிப் பழக்க வேண்டும், எப்படிப் பழக்கக் கூடாது என்று பரீட்சையில் விரிவாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். தெரிந்தே செய்தேன். செய்த நாட்களில் சந்தோஷமாகவும் இருந்தேன்.

இங்கிலாந்தில் சிறப்புக் கல்வியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, கோடை விடுமுறையில் எங்கள் வகுப்பில் சிலர் தன்னார்வலர்களாக இலங்கைக்குப் போனோம். ஏற்பாடு செய்தவர்களுக்கு ஆளுக்கொரு தொகை கட்டினோம். தங்கியது பேராதனைப் பக்கம். பள்ளி கண்டி நகருக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்தது. இலங்கையில் இத்தகைய பள்ளிகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மேரி சாப்மன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1912இல் தொடங்கி, இன்று இரத்மலானையில் நடக்கும் காது கேளாதோர், பார்வையற்றோர் பள்ளி அவற்றில் மூத்தது. அதன் பிறகு வந்த பல விசேட பாடசாலைகளை நடத்துவது ஏதாவது ஒரு அறக்கட்டளை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. நாங்கள் போனதும் அந்த வகைதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. தவறு அந்தப் பள்ளியுடையது அல்ல.

அங்கே வகுப்பு நடந்தது சிங்களத்தில். அந்தப் பையன் தமிழ்ப் பிள்ளை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர இருக்கும் அந்தக் கலஹா மலைப்பக்கம், ஒரு தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வந்தவன். ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. விடுதியில் தங்கியிருந்தான். அம்மா கொழுந்து பறிப்பவர். ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவார், அதுவும் எப்போதாவது.

1987இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழையும் அரசகரும மொழி ஆக்கினார்கள். சட்டம் மொழியைத் தந்தது. வகுப்பறைக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியரை அதனால் உடனே தந்துவிட முடியவில்லை. ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சுச் சிகிச்சைக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனாலும் தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் நாட்டில் மிகச் சிலரே. அந்த வகுப்பில் அவனோடு தமிழ் பேசியவர் ஒரே ஒருவர்: கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிய உதவியாளர் அக்கா. பல வருடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். அவன் எந்த முகம் காட்டினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவன் சிணுங்கும் முன்பே தண்ணீர் எடுத்து வருவார்.

எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போன அன்றே அந்தப் பையனை என்னிடம் விட்டார்கள். தலைமை ஆசிரியைக்குப் பெரிய நிம்மதி. எனக்கும்தான். மற்ற தோழிகள் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பலூன் ஊதிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒரு உண்மையான வேலை கிடைத்துவிட்டது.

நான் எடுத்துக்கொண்ட முறை படப் பரிமாற்றம். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உருவாக்கியது. பிஸ்கட் வேண்டுமென்றால் பிஸ்கட் படம் போட்ட அட்டையை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் பிள்ளை கொடுக்க வேண்டும். கொடுத்த கணமே பிஸ்கட் கைக்கு வரும். எளிமையாகத் தெரிந்தாலும் இதற்குக் கறாரான விதிகள் உண்டு. ஆரம்பத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும்: அட்டையை வாங்கிக்கொள்பவர் முன்னால், பேசாமல் கையைப் பிடித்து உதவுபவர் பின்னால். பின்னால் இருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டத்திலேயே ஆளை மாற்ற வேண்டும், இடத்தை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டைப் புத்தகம் பிள்ளையுடையது. அது எப்போதும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அதுதான் வாய்.

அந்த வாயைத்தான் நான் ஒவ்வொரு மாலையும் பையில் போட்டு பேராதனைக்கு எடுத்துப் போனேன்.

அட்டைகள் தொலைந்துவிடும், கசங்கிவிடும், மற்ற பிள்ளைகள் கடித்துவிடுவார்கள் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கலாம். உண்மைக் காரணம் வேறு. காலையில் நான் வாசலில் தலை காட்டியதும் அவன் ஓடி வருவான். பையின் ஜிப்பைத் திறப்பான், மேரி பிஸ்கட் அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவான். அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காதவன் என்று பெயரெடுத்த பிள்ளை. பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியைகள் கை தட்டினார்கள். தோழி வீடியோ எடுத்தாள். நான் அதை ஊருக்கு அனுப்பினேன். அம்மா சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். அந்த ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்று விரும்பினேன். அட்டைகள் சுவரில் மாட்டியிருந்தால் அவன் சுவரை நோக்கி அல்லவா ஓடுவான்.

பின்னால் உட்கார்ந்து உதவ ஓர் ஆள் தேவைப்பட்டபோது முதல் நாட்களில் ஓர் ஆங்கிலேயத் தோழியை உட்கார வைத்தேன். ஓர் அடி தள்ளித்தான் அந்த அக்கா நின்றிருந்தார். ஒரு தடவை அவராகவே, "நா வேணா புடிச்சுக்கிறேன் மிஸ்" என்றார். வேண்டாம் என்றேன். அதோடு நிற்கவில்லை. அவன் கேட்கும் முன்பே தண்ணீர் கொடுத்தால் அட்டையைக் கொடுக்கப் பழக மாட்டான், அதனால் நான் வகுப்பில் இருக்கும்போது அவன் பக்கம் வராதீர்கள் என்று பக்குவமான குரலில் சொன்னேன். நுட்பமாகப் பார்த்தால் நான் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, அவனை வருடக்கணக்காக அறிந்திருந்த ஒரே மனுஷியை அவனிடமிருந்து விலக்கினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மிஸ்ஸிடம் அவர் எப்படிப் பேசுவார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் சீகிரியா பார்க்கப் போயிருந்தோம். பிள்ளை இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான் என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். எங்கே, பார்க்கிறேன் என்று அந்தத் தாய் கேட்டபோது காட்ட அட்டை இல்லை. அவை பேராதனையில், பூட்டிய என் அறையில் கிடந்தன. திங்கட்கிழமை அக்கா இதைச் சொன்னார். அடடா என்றேன். அன்று மாலையும் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

இவான் இலிச் என்ற பாதிரியார் 1968இல், மெக்சிகோவுக்குச் சேவை செய்யப் போகும் அமெரிக்க மாணவர்கள் முன்னால் ஆற்றிய உரை ஒன்று உண்டு. ஊரைப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் தங்கள் நிறைவுக்காகவே வருகிறார்கள், அதற்கான விலையை அந்த ஊர்க்காரர்கள் தருகிறார்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். கண்டிக்குப் புறப்படும் முன் எங்கள் வகுப்பில் இதைப் பாடமாகவே படித்தோம். நான் கட்டுரை எழுதினேன். இலிச் கடுமையாகப் பேசுகிறார், ஆனால் மொழியும் பண்பாடும் தெரிந்தவர் போனால் கதை வேறு என்று அதில் வாதிட்டேன். அந்த மொழி தெரிந்தவர் யார் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. எச்சரிக்கையையே எனக்குச் சாதகமான சான்றிதழாக மாற்றிக்கொண்டேன்.

எசல பெரஹரா திருவிழாவுக்குக் கண்டி நகரம் தயாராகிக்கொண்டிருந்த சமயம் நாங்கள் விடைபெற்றோம். கேக் வெட்டினார்கள், பிள்ளைகள் ஆடினார்கள். அட்டைகளை ஒரு கோப்பில் போட்டு, பயன்படுத்தும் முறையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். அட்டைகளில் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன். அவர் வாசிப்பது சிங்களம். அதைக்கூட அப்போது யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன், நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

இங்கிலாந்து திரும்பிய பிறகு ஆய்வேட்டுக்காக நிலவரம் தேவைப்பட்டது. அக்காவுக்குப் போன் செய்தேன். "ஒங்களத் தேடுறான் மிஸ்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்க விரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னது வேறு. "எந்தப் பொம்பள பையத் தூக்கிட்டு வந்தாலும் ஓடிப்போயி ஜிப்பத் தொறக்கிறான் மிஸ். களவெடுக்கிறான்னு அடி வாங்குறான்." பிள்ளைகளைப் பார்க்க வரும் தாய்மார், புதிதாக வந்த ஆசிரியை என்று யாரையும் விடவில்லையாம். பை என்றால் அதற்குள் தன் அட்டை இருக்கும் என்று நான்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். பேச்சில்லாத பிள்ளைக்கு நான் கொடுத்துவிட்டு வந்தது திருடன் என்ற பெயர்.

இந்தப் போன் பேசி முடித்த பிறகுதான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதினேன். பயிற்சி பெற்ற பணியாளர்கள் இல்லாத காரணத்தால் பலன் நீடிக்கவில்லை என்று எழுதினேன். செய்தவற்றிலேயே மிகக் கேவலமானது இந்த ஒரு வாக்கியம்தான். பயிற்சி பெற வந்து நின்றவரைத் தள்ளி நிற்கச் சொன்னவள் நான். ஆய்வேட்டுக்கு நல்ல தரம் கிடைத்தது. அந்த வாக்கியம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பையைத் திறக்கும் வழக்கத்தை மாற்றியவர் அக்காதான். பிஸ்கட் பாக்கெட்டின் உறையை வெட்டி, ஒரு துண்டுப் பலகையில் ஒட்டி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார். அவன் பையை நோக்கி ஓடும்போதெல்லாம் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போய், உறையைத் தொட வைத்துப் பிஸ்கட் கொடுத்திருக்கிறார். பிறகு சமையற்கார அம்மாவையும் அப்படியே கொடுக்கச் சொல்லியிருக்கிறார். இடம் மாறாத அட்டை, கைக்கு எட்டும் உயரம், ஆளை மாற்றுவது: புத்தகத்தில் நான் படித்த அத்தனையும் அதில் இருந்தன. எந்தப் புத்தகத்தையும் அவர் படித்ததில்லை.

அந்தப் பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் பேராதனைப் பல்கலைக்கழகம். சிங்களமும் தமிழும் பேசும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே படிக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பிற்பகல் என்று சில வருடம் தொடர்ந்து வரக்கூடியவர்கள் அவர்கள். நான் கட்டிய தொகையும் விமானக் கட்டணமும் சேர்ந்தால் அந்த அக்காவுக்கு முறையான பயிற்சி கிடைத்திருக்கும். ஆனால் பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் என்னை நோக்கி யாரும் ஓடி வந்திருக்க மாட்டார்கள். நான் வாங்கப் போனது அந்த ஓட்டத்தை.

இப்போது சென்னையில் ஒரு மையத்தில் வேலை செய்கிறேன். அட்டைப் புத்தகம் பிள்ளையின் இடுப்பில் தொங்குகிறது. பெற்றோர் இல்லாமல் பயிற்சியைத் தொடங்குவதில்லை. திருந்திவிட்டேன் என்று யாராவது நினைத்தால் அது பாதிதான் சரி. போன வாரம் ஓர் அப்பா, "மேடம், இவன் உங்ககிட்ட மட்டும்தான் கேக்குறான்" என்று பெருமையாகச் சொன்னார். அது என் வேலையில் இருக்கும் குறை என்று எனக்குத் தெரியும். அடுத்த நாளே அந்த நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்தேன். ஆனால் அவர் சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான்.