நாவற்குழிப் பாலமும் நூறு பெட்டிகளும்

எங்கள் மகள் மெல்பேர்ணில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, "அப்பா, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று கூப்பிட்டாள். திரையில் ஒரு நீண்ட வரிசையாக நூறு பெட்டிகள். சிலவற்றில் கறுப்புப் புள்ளி இருந்தது, சில வெறுமையாக இருந்தன. புள்ளிகள் இடப்பக்கம் இருந்து வலப்பக்கமாகத் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன.

இதற்குச் சாலக வாயு மாதிரி என்று பெயராம். விதி மிக எளிது. ஒரு பெட்டியில் ஒரு புள்ளிதான் இருக்கலாம். முன்னால் உள்ள பெட்டி வெறுமையாக இருந்தால் புள்ளி ஓர் அடி வைக்கலாம், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். ஒருவரையொருவர் முந்த முடியாது. இடது வாசலால் புதிய புள்ளிகள் ஒரு வீதத்தில் உள்ளே வரும். வலது வாசலால் இன்னொரு வீதத்தில் வெளியே போகும். அவ்வளவுதான்.

அவள் வெளிவாசலின் வீதத்தை 0.2 ஆகக் குறைத்தாள். சற்று நேரத்தில் வலப்பக்கத்தில் புள்ளிகள் நெருங்கி, அந்த நெரிசல் பின்னோக்கி வளர்ந்து, கடைசியில் வரிசை முழுவதையும் நிரப்பிவிட்டது. நூறு பெட்டிகளில் ஏறக்குறைய எண்பது நிறைந்திருந்தன.

எங்களுக்குக் கை குளிர்ந்துவிட்டது. அந்த வரிசையில் நாங்கள் ஒருநாள் நின்றிருக்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30. இதை வாசிக்கும் பலருக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. இராணுவம் வலிகாமத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியேறும்படி புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. செம்மணி வெளி, அதற்கப்பால் நாவற்குழிப் பாலம். மழை வேறு. எங்களுக்கு அப்போது பதினேழு வயது. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நாங்கள் தள்ளினோம். அம்மா பக்கத்தில் நடந்தா. அம்மா மெள்ளத்தான் நடந்தா. அடிக்கடி பின்தங்கினா. செம்மணியில் நடுச்சாமத்தில் வரிசை அசையாமல் நின்றபோது நாங்கள் அம்மாவை ஏசினோம். "கெதியா நடவுங்கோவன், உங்களாலைதான் எல்லாம் பிந்துது" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் கத்தினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அம்மம்மாவுக்கு அந்த மழையோடு காய்ச்சல் தொடங்கியது. ஒன்பதாம் நாள் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் கண்ணை மூடினா.

மகளிடம் இந்தக் கதையைச் சொன்னதில்லை. எனவே அவள் தன்பாட்டில் விளக்கிக்கொண்டு போனாள். சமநிலை என்பது எந்த ஓட்டமும் இல்லாமல் அடங்கிய நிலை. இது அப்படியல்ல. பார்த்தால் மாறாதது போலத் தோன்றும், ஆனால் உள்ளே ஓட்டம் நிற்பதில்லை. ஆகவே இது சமநிலையற்ற புள்ளிவிபரப் பௌதிகவியலுக்கு உரியது. சமநிலையில் உள்ள சாலக வாயுக்கள் கடினமானவைதான், ஆனாலும் அவற்றுக்கு ஒரு பொதுக் கோட்பாடு இருக்கிறது. கன்பராவில் றொட்னி பக்ஸ்ரர் 1980 இல் அறுகோணிச் சாலக வாயு ஒன்றைத் துல்லியமாகத் தீர்த்தார். ஓட்டம் உள்ளவற்றுக்கு அப்படியான பொதுக் கோட்பாடு இல்லை. ஒவ்வொன்றாகத்தான் தீர்க்க வேண்டும்.

இந்த வரிசை மாதிரி முதலில் வந்தது வீதிக்காக அல்ல. உயிர்க்கலத்தினுள் ஆர்.என்.ஏ. இழை வழியே இறைபோசோம்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து புரதம் கட்டுவதை விளக்க 1968 இல் மக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின் ஆகியோர் இதை எழுதினார்கள். 1970 இல் ஸ்பிற்சர் என்ற கணிதவியலாளர் இதனைத் தனியொரு துறையாக்கினார். இந்தியாவின் தீபக் தர் 1987 இல் இதன் ஒரு வடிவத்தைத் துல்லியமாக ஆராய்ந்தார். போல்ற்ஸ்மன் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான், அது 2022 இல். இரண்டு பக்கமும் வாசல் திறந்த வரிசைக்கு 1993 இல் டெரிடாவும் மூவரும் முழுத் தீர்வு கண்டார்கள். அந்த வரிசை தன் உறுதி நிலையை எவ்வளவு விரைவாக அடைகிறது என்ற கேள்விக்கு 2005 இல் விடை எழுதிய இருவரில் ஒருவரான யான் டி கியர் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தவர்.

தீர்வு சொல்வது இதுதான். வெளிவாசலின் வீதம் உள்வாசலினதை விடக் குறைவாகவும் அரையை விடக் குறைவாகவும் இருந்தால், ஓட்டத்தைத் தீர்மானிப்பது வெளிவாசல் மட்டுமே. மகள் உள்வாசலை 0.9 இலிருந்து 0.5 ஆகக் குறைத்தாள். வெளியே போகும் தொகை மாறவில்லை, 0.16 தான். பின்னால் இருந்து எவ்வளவு சனம் நெருக்கினாலும் பாலத்தால் போகக்கூடியதுதான் போகும்.

இன்னொன்றையும் காட்டினாள். கடைசிப் புள்ளி வெளியேறும்போது அதன் இடத்தில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அடுத்த புள்ளி அதற்குள் வர, வெற்றிடம் ஒரு பெட்டி பின்னால் போகிறது. இப்படியே வெற்றிடம் இடப்பக்கமாக நடந்து போகிறது. செம்மணியில் நாங்கள் நெடுநேரம் நிற்போம், பிறகு காரணம் தெரியாமல் இரண்டடி வைப்போம். பாலத்தில் யாரோ எப்போதோ கால்வைத்ததன் வெற்றிடம் அப்போதுதான் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சனம் கிழக்கே போக, வெற்றிடம் மேற்கே போய், விடியும்போது யாழ்ப்பாணத்தில் நிறைந்திருந்தது.

"இதிலை ஒரு புள்ளி மட்டும் மெள்ள நடந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டோம். குரல் சரியாக வரவில்லை. மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு புள்ளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்து அதன் வேகத்தைப் பாதியாக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நெரிசலில் ஒவ்வொரு புள்ளியின் சராசரி வேகமும் வெளிவாசலின் வீதமான 0.2 தான். பாதி வேகம் என்றாலும் சிவப்புப் புள்ளி அதைவிட விரைவாக நடக்கக் கூடியது. அதற்கும் முன்னால் இடம் கிடைக்க வேண்டுமே! 0.2 இலும் கீழே இறக்கினால்தான் அதற்கு முன்னால் வெளி விழுந்தது.

அதன் பிறகு அந்த இரவைச் சொன்னோம். மகள் கணினியை மூடிவிட்டாள். "அப்ப அப்பம்மாவாலை பிந்தேல்லை" என்றாள்.

இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. வீதி நூறு பெட்டிகள் அல்ல. பலர் பக்கம் பக்கமாக நடந்தார்கள். உழவு இயந்திரங்களும் மாட்டு வண்டிகளும் இடையில் நின்றன. முந்துகிறவர்கள் முந்தினார்கள். ஒரு மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிட்டிருந்தால் வரிசையில் முன்னுக்கு நின்றிருப்போம், அதை மாதிரியும் மறுக்காது. ஆனால் செம்மணியில் நின்றபோது அம்மாவின் கால்களில் குற்றம் இருக்கவில்லை. அதைக் கண்டுகொள்ள எங்களுக்கு முப்பது வருடம் தேவைப்பட்டிருக்கிறது.

அம்மா எங்களோடு டண்டினோங்கில் இருக்கிறா. எழுபத்தெட்டு வயது. கடைக்குக் கூட்டிப் போனால் மூச்சு வாங்க வாங்க விரைந்து நடப்பா. "ஆறுதலா வாங்கோ அம்மா" என்றால், "நான் பிந்திறனோ?" என்று கேட்பா. இந்தக் கேள்வியை நாங்கள் வயதின் கேள்வியாகவே எடுத்திருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை மரக்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போனோம். மொனாஷ் பெருந்தெருவில் ஏறும் இடத்தில் சிவப்பு விளக்கு எங்களை நிறுத்தியது. உள்வாசலின் வீதத்தைக் கட்டுப்படுத்தி நெரிசலைத் தடுக்க அங்கே விளக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில், முகத்தைப் பார்க்காமல், "அம்மா, செம்மணியிலை உங்களை ஏசினது பிழை. பாலத்தாலைதான் சனம் நிண்டது" என்றோம்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னா: "அது எனக்குத் தெரியும் மோனை. நீ சின்னப் பெடியன், பயந்து போய்க் கத்தினாய். ஆனால் நான் மெள்ளத்தான் நடந்தனான். அம்மாவின்ரை தலைக்கு மேலை பொலித்தீனைப் பிடிச்சுக்கொண்டெல்லோ வந்தனான். கெதியா நடந்தால் காத்துக்கு அது பறக்கும். அவ நனைஞ்சு போடுவா."

சைக்கிளைத் தள்ளியவர்களுக்குப் பின்னால் நடந்தது தெரிந்திருக்கவில்லை.

விளக்கு பச்சையாகியது. பின்னால் வந்தவன் ஹோர்ண் அடித்தான். "போ மோனை, சனம் நிக்குது" என்றா அம்மா.