பாய்லரும் ஆப்ஷனும்

திருச்சிக்காரங்களுக்கு பாய்லரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1965-லிருந்து பெல் இங்கேதான் இருக்கிறது. கனமான இரும்புச் சுவர், ஒரு பக்கம் நெருப்பு. சூடு உள்ளே எப்படிப் பரவும்? அதற்கு ஃபூரியே 1822-லேயே புத்தகம் போட்டுவிட்டார். வெப்பச் சமன்பாடு.

1973-ல் பிளாக், ஷோல்ஸ் என்ற இருவர் ஆப்ஷன் விலைக்கு ஒரு சமன்பாடு வெளியிட்டார்கள். அதில் மாறிகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் அதே வெப்பச் சமன்பாடு வந்து நிற்கிறது! ஒரே வித்தியாசம், பாய்லரில் இப்போதைய சூடு தெரியும், முன்னால் போவோம். ஆப்ஷனில் கடைசி நாள் கணக்குதான் தெரியும். 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமை கையில் இருந்து, அன்று ஷேர் 120 என்றால் 20 ரூபாய், 90 என்றால் பூஜ்யம். அங்கிருந்து பின்னோக்கி நடந்து இன்றைய விலைக்கு வரணும்.

எஞ்சினியர்கள் கூட்டம் கூட்டமாக குவான்ட் வேலைக்குப் போவதன் ரகசியம் இதுதான். (குவான்ட் என்றால் கணக்குப் போட்டு விலையும் ரிஸ்க்கும் சொல்கிறவர்.) ராபர்ட் மெர்ட்டன் கொலம்பியாவில் பொறியியல் கணிதம் படித்து, கால்டெக்கை விட்டுவிட்டு எம்.ஐ.டி.யில் பொருளாதாரத்துக்குத் தாவியவர். 1997-ல் ஷோல்ஸோடு நோபல். நம்ம பக்கம் மார்ட்டி சுப்ரமண்யம், ஐ.ஐ.டி. மெட்ராஸில் மெக்கானிக்கல், அப்புறம் நியூயார்க் பல்கலையில் நிதித்துறைப் பேராசிரியர். என்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் முடித்த ஸ்ரீரங்கத்து அண்ணா ஒருவரும் இப்போது இதே வழியில். "எங்க பொழப்புல கை வெக்கறீங்களேண்ணா" என்றேன். "ஹீட் ட்ரான்ஸ்ஃபர் நோட்டு அப்படியே உதவுதுடா" என்று சிரிக்கிறார்.

ஆனால் ஒன்று. இரும்புக்கு மனசு கிடையாது. பக்கத்துத் தகடு பயந்தால் இதுவும் பயந்து ஓடாது. சந்தை ஓடும். மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்குதாரர்களாக இருந்த லாங் டேர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் சொந்தப் பணத்தைப் போல 25 மடங்குக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. 1998-ல் ரஷ்யா கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க ஓட, சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் காலி. 14 நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த பேலன்ஸ் ஷீட்டை ஒரு பி.காம் பையனிடம் காட்டியிருந்தால் போதும், கடன் பக்கத்தைப் பார்த்தே தலையில் கை வைத்திருப்பான் :-)

அதற்காக நமக்கு அந்த வேலையைத் தரப்போவதில்லை. எஞ்சினியர் ரெண்டு மாசத்தில் பேலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொள்வார். எனக்கு அந்தச் சமன்பாட்டைப் படிக்க ரெண்டு வருஷம் ஆகும். பி.காமில் அது கிடையவே கிடையாது. அநியாயமா இல்லையா? குவான்ட் வேலையே வேண்டாம், அவர்கள் போடுகிற கணக்கில் என்ன அனுமானம் ஒளிந்திருக்கிறது என்று கேட்பதற்காவது அது தெரியணுமே. பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவுப் பரவல் எல்லாம் அதிலேயே இருக்கிறது. இப்போதைக்கு முதல் அத்தியாயம், அணிகள்.