அத்தையின் கைராசி

சுங்கை பஞ்சாங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கடந்த மாதம் போயிருந்தேன். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களைக் கடந்து, சுங்கை பெசாரில் உள்ளே திரும்ப வேண்டும். மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது. காரை விட்டு இறங்கியதும் அனல் அடித்தது.

பின்வாசலில் பூசணிக்கொடி வேலி வரை படர்ந்திருந்தது. பூவுக்குக் குறைவில்லை. காய்தான் இல்லை.

“பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்துடுது கண்ணு. இந்த வெயில்ல தேனீயையே காணோம்” என்றார் அத்தை.

மறுநாள் காலை 7 மணிக்கே எழுப்பிவிட்டார். பூசணிப்பூ விடியலில் விரிந்து, 10 மணிக்கெல்லாம் சுருங்கிவிடும். வெயில் ஏற ஏற மகரந்தத்தின் வீரியமும் குறையும். நீண்ட காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, அதன் மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். எனக்குக் கை தடுமாறியது. அத்தைக்கு இல்லை.

“எங்கே கத்துக்கிட்டீங்க?”

“செம்பனையில.”

நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. அதற்கு மகரந்தம் சுமக்கும் வண்டு வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் அந்த வேலையைத் தொழிலாளர்களே செய்தார்கள். மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற மாவில் கலந்து, பெண்பாளை ஒவ்வொன்றிலும் ஊதினார்கள். அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது.

1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்னஞ்சிறு வண்டுகளை ஜொகூர், குளுவாங்கில் விட்டார்கள். சில ஆண்டுகளில் அவை நாடெங்கும் பரவின. ஊதும் வேலை மறைந்தது.

“வண்டு வந்துச்சு, வேலை போச்சு. அப்புறம் உதிரிப்பழம் பொறுக்கப் போனேன்” என்று சிரித்தார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023இல் நடந்த போட்டியில் 1,247 கிலோ எடையுள்ள பூசணி முதல் பரிசு பெற்றது. இப்படிப் போட்டிக்கு வளர்ப்பவர்களும் வண்டை நம்பியிருப்பதில்லை. விடியலில் எழுந்து கையால்தான் தடவுகிறார்கள். அத்தைக்கு அந்தச் செய்தியெல்லாம் தெரியாது. அன்று நாங்கள் தொட்டது நான்கு பூக்கள். மாலையில் வேருக்குத் தண்ணீர் ஊற்றி, பிஞ்சுகளுக்கு மேல் காய்ந்த தென்னோலையைச் சாய்த்து வைத்தோம்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கைமுட்டி அளவில் இரண்டு பச்சைக் காய்கள். கூடவே அத்தையின் குரல்:

“நான் தொட்டது ரெண்டும் நிக்குது. நீ தொட்டது ரெண்டும் விழுந்துடுச்சு. அடுத்த வாரம் வா, மறுபடி பழகிக்கோ. எனக்கும் கண்ணு மங்கிக்கிட்டே வருது.”

இந்த வாரம் கிளம்புகிறேன்.